தறியை விற்று மெடிக்கல் சீட் வாங்காதீர்கள்

போன வாரம் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் மேற்படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தது. அப்பா, அம்மா, தாய்மாமா, அவர்களுக்கு நடுவில் அந்தப் பெண். நீட் இரண்டு முறை எழுதிவிட்டாள், அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை. "தறி எட்டு இருக்குதுங்க மேடம். தறியையும் ஊருக்குள்ள இருக்கற இடத்தையும் கொடுத்துட்டா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துல ஒரு சீட்டு வாங்கிப் போடலாம்னு மச்சான் சொல்றாருங்க" என்றார் அப்பா. சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, மச்சானைத்தான் பார்த்தார்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கமான ஆறுதலைத்தான் சொன்னேன். அப்புறம் அந்தப் பெண்ணிடம், "படிச்சதுல எது மனசுலயே நிக்குது?" என்று கேட்டேன். "காது" என்றாள்.

அவளுடைய அப்பாரு, அதாவது தாத்தா, நாற்பது வருடம் தறி ஓட்டியவர். கூப்பிட்டால் திரும்புவார். ஆனால் "பாவு" என்று சொன்னால் "பாலா?" என்று கேட்பார். "சத்தம் கேக்குது கண்ணு, என்ன பேசறீங்கன்னுதான் புரிய மாட்டேங்குது" என்பாராம். காது கேட்கும்போது பேச்சு மட்டும் ஏன் புரியாமல் போகிறது? இது அவளுடைய முதல் கேள்வி. இரண்டாவது இன்னும் கூர்மையானது. "நரம்புல சோடியம் உள்ள வரும், பொட்டாசியம் வெளிய போகும்னு பதினொன்னாவதுல படிச்சோம். காதுல மயிர்செல்லுக்குள்ள பொட்டாசியம் உள்ள வருதுன்னு ஒரு வீடியோல சொன்னாங்க. அங்க மட்டும் ஏன் தலைகீழா இருக்கு?"

மாமா உடனே குறுக்கே வந்தார். "அதெல்லாம் டாக்டராகிட்டு நிதானமாப் படிச்சுக்கலாம் பாப்பா." அந்த இடத்தில் நான் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அவள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உள்காதில் ஒலியை மின்செய்தியாக மாற்றுபவை மயிர்செல்கள். அவற்றின் தலைப்பகுதி நனைந்திருக்கும் திரவத்தில் பொட்டாசியம் மிக அதிகம். உடலில் செல்களுக்கு வெளியே இருக்கும் மற்றத் திரவங்களில் இப்படி இருக்காது. அந்தத் திரவம் ஏறக்குறைய 80 மில்லிவோல்ட் நேர்மின் அழுத்தத்தில் ஒரு பேட்டரி போல இருக்கிறது. ஒலி வந்து செல்லின் நுண்மயிர்களைச் சாய்த்ததும் வாயில் திறந்து பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. செய்தியை அடுத்ததாக வாங்கிக்கொள்வது நரம்பு இழை. ஒரு காதுக்குச் சுமார் 30,000 இழைகள். இங்கே கதை மறுபடி அவள் பாடப்புத்தகத்தில் இருப்பது போலத்தான், பொட்டாசியம் வெளியே போகிறது. அப்படி வெளியே விடுகிற வாயில், அதாவது பொட்டாசியம் சேனல்தான், ஒவ்வொரு மின்துடிப்பையும் சட்டென்று முடித்து, இழையை அடுத்த துடிப்புக்குத் தயாராக்குகிறது. ஒரு துடிப்பு ஒரு மில்லி நொடி அளவில் முடிந்தாக வேண்டும். அந்த நேரக்கணக்கு குலைந்தால் ஒலி இருக்கும், எழுத்துகள் கலங்கிவிடும்.

அப்பாருவின் காதில் என்ன நடந்திருக்கிறது என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் விசைத்தறிக் கூடத்தில் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். பெருஞ்சத்தத்துக்குப் பிறகு எலிகளின் கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டாலும், மயிர்செல்லுக்கும் நரம்பு இழைக்கும் நடுவிலிருந்த இணைப்புகள் நிரந்தரமாக அழிந்திருந்ததை ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். அந்தப் பெண் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தது, உலகத்தில் பெரிய ஆய்வுக்கூடங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் கேள்வி.

இப்போது அப்பாவிடம் நேராகப் பேசுகிறேன். நிகர்நிலையில் எம்.பி.பி.எஸ்.க்கு ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. விடுதி, மற்றச் செலவெல்லாம் சேர்த்தால் ஒரு கோடிக்கு மேல். அந்த ஐந்தரை வருடத்தில் காதுக்கு ஒதுக்கும் நேரம் கொஞ்சம்தான். அப்புறம் இ.என்.டி. மேற்படிப்புக்கு இன்னொரு நீட், மூன்று வருடம், இன்னொரு பணம். அவ்வளவும் முடித்து அவள் கற்றுக்கொள்வது பெரும்பாலும் காதுக்கான மருந்தும் அறுவை சிகிச்சையும். கேட்டலை அளந்து, எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, பேச்சைத் திரும்பக் கொண்டுவரும் வேலை வேறொருவருடையது. அவர் ஆடியாலஜிஸ்ட்.

அதற்கான படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது கேட்டல், பேச்சு-மொழி இளநிலைப் பட்டம். மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் பயிற்சி. உயிரியல்தான் வேண்டும் என்பதில்லை, இயற்பியல், வேதியியலோடு கணிதம் படித்தவர்களும் சேரலாம். மைசூருவில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இந்தத் துறைக்குத் தாய்வீடு. வேலூர் சி.எம்.சி.யிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்பதை முதலில் பாருங்கள். அந்தக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் தொழில் செய்ய முடியாது.

அந்த வகுப்பில் ஒலியின் இயற்பியல் இருக்கும், மூளை நரம்பியல் இருக்கும், மொழியியலும் இருக்கும். ஒரு சோதனையைச் சொல்கிறேன். கைக்குழந்தையைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன மின்முனைகளை ஒட்டி, காதுக்குள் 'டிக் டிக்' என்று ஒலி அனுப்புவார்கள். பத்து மில்லி நொடிக்குள் திரையில் ஐந்து சிறு அலைகள் எழும். முதல் அலை காது நரம்பிலிருந்து வருவது. சில குழந்தைகளுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் வெளி மயிர்செல்கள் நன்றாக வேலை செய்யும், ஆனால் இந்த அலைகள் எழவே எழாது. கோளாறு, நரம்புக்குச் செய்தி தரும் உள் மயிர்செல்லுக்கும் நரம்புக்கும் நடுவிலோ நரம்பிலோ இருக்கிறது என்று அப்போது தெரியும். வளர்ந்தவர்களுக்கு இந்தக் கோளாறு வந்தால், அவர்கள் சொல்வதும் "கேக்குது, புரியல" என்பதுதான். இதைப் பற்றி மைசூருவில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகள் கட்டுவது அதிகம், அதனால் பிறவிக் காது கேளாமையும் அதிகம். அது சில நேரம் இதயக் கோளாறோடு சேர்ந்தே வரும். 1957-இல் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் நார்வேயில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகளில் நான்கு பேருக்குக் காது கேட்காது, அடிக்கடி மயங்கி விழுவார்கள். அந்த நால்வரில் மூவர் திடீரென்று இறந்துபோனார்கள். உள்காதின் திரவத்துக்குப் பொட்டாசியம் கொடுக்கும் சேனலும், இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் முடித்து வைக்கும் சேனல்களில் ஒன்றும் ஒரே மரபணுவில் உருவாகின்றன என்பது பிற்பாடு தெரியவந்தது. காது கேளாத குழந்தை மயங்கி விழுகிறது என்று தாய் சொன்னதும் "உடனே ஒரு ஈ.சி.ஜி. எடுங்க" என்று சொல்லத் தெரிந்த ஆடியாலஜிஸ்ட், அந்தக் குழந்தையின் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

குறைகளையும் மறைக்கப் போவதில்லை. ஆரம்பச் சம்பளம் குறைவு. முதுநிலை படித்தால்தான் கை ஓங்கும். 'டாக்டர்' என்று ஊர் கூப்பிடாது, அதற்கு முனைவர் பட்டம் வாங்க வேண்டும். கண்ணாடிக் குழாய் வைத்து ஒற்றைச் சேனலின் மின்னோட்டத்தையே அளக்க அவள் ஆசைப்பட்டால், ஆடியாலஜிக்குப் பிறகு பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி. போன்ற இடத்தின் நரம்பியல் ஆய்வுக்கூடத்துக்குப் போட்டி போட்டு நுழைய வேண்டும். கடினம்தான், ஆனால் அதற்குத் தறி விற்க வேண்டாம்.

"பொட்டப்புள்ளைய மைசூருக்கு அனுப்பறதா?" என்றார் மாமா. கோடி ரூபாய் கொடுத்தால் எந்த ஊருக்கும் அனுப்பத் தயாராக இருந்தவர்தான். அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மருமகள் மேல் உங்களுக்குப் பாசம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடன் கட்டப்போவது நீங்கள் இல்லை. பத்து வருடம் அந்தப் புத்தகங்களோடு உட்காரப்போவதும் நீங்கள் இல்லை. அவளுக்கு எது பிடிக்கிறது என்பதை அவளே சொல்லிவிட்டாள், அதில் பேரம் கிடையாது.

அப்பாவுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இந்த வாரமே அப்பாருவைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும், மகளையும் கூட்டிக்கொண்டு. அந்தச் சத்தமில்லாத அறைக்குள் அவளும் உட்காரலாமா என்று அங்கிருப்பவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். வெளியே வந்ததும் அவள் என்ன சொல்கிறாள் என்பதை எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள். அதுவரை தறிக்கு முன்பணம் எதுவும் வாங்க வேண்டாம்.