தூண்டில் கடை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஊர் தக்கலை, வேலை ஸ்காட்லாந்தில். இங்கே பழைய பொருட்கள் விற்கும் கடையில் மூங்கிலாலான ஃப்ளை ராட், அதாவது தூண்டில் கோல் ஒன்று வாங்கினேன். கூடவே ஒரு தகரப்பெட்டி நிறைய ஃப்ளைகள், இறகு வைத்துக் கட்டிய தூண்டில் முட்கள். மனைவி ஆக்கர் சாமான், வெறும் காயலான் சரக்கு என்கிறாள். ராடில் வார்னிஷ் உரிந்திருக்கிறது, புதிதாக அடிக்கலாமா? நம்மூரில் மீன்பிடிப்பது வெறும் வயிற்றுப்பாடு. இவர்கள் அதைக் கலையாக்கியிருக்கிறார்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மனைவி விஷயத்தில் நான் தலையிடுவதாக இல்லை. ஆனால் கொஞ்ச நாளாகவே பழைய தூண்டில் கடைகள் மனதில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து விழுந்தது.

கோட்டாறில் கயிறும் வலையும் விற்கும் கடை ஒன்று இருந்தது. உள்ளே தார் வாடை, உத்தரத்தில் தங்கூஸ் என்னும் நைலான் தூண்டில் நரம்பின் சுருள்கள். நார்வேயிலிருந்து வந்த முஸ்டாட் முட்களைப் பெட்டிகளில் வைத்திருப்பார்கள். முள் கேட்டால் கடைக்காரர் உடனே எடுத்துத் தரமாட்டார். “எங்க போடப்போற மக்கா? கொளத்துலயா, முட்டத்துப் பாறையிலயா?” பதில் சொன்னால்தான் பெட்டி திறக்கும். பிறகு முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுப்பார். நகத்தில் பிடித்து நின்றால் காகிதத்தில் மடித்துத் தருவார், வழுக்கினால் ஒதுக்கிவிடுவார். சில பைசா பெறாத முள்ளுக்கு இத்தனை பரிசோதனை. அவர் நகம் முழுக்கக் கீறல்.

வயிற்றுப்பாடு என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! சுறாவுக்குத் தூண்டில் போட ஆழ்கடலுக்குப் போகும் தூத்தூர்க்காரரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். பசிக்குச் செய்தால் அது கலை இல்லையா? தக்கலையில் பிறந்த உமக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது?

சரி, அந்தத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். சால்மன் மீனுக்கான ஃப்ளை இருந்தால், அதன் பக்கவாட்டில் அரக்கு வைத்ததுபோலப் பளபளக்கும் வெளிர்மஞ்சள் பொட்டு தெரிகிறதா? தெரிந்தால் அது சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. பேச்சிப்பாறைக்கு மேலே காட்டில் கூவுகிறதே, அதே சேவல். இந்தியாவுக்கு வெளியே அது காட்டுப்பறவையாக எங்கும் கிடையாது. உங்கள் ஸ்காட்லாந்து கொண்டாடும் ஜாக் ஸ்காட் ஃப்ளைக்கே அந்த இறகு வேண்டும். ஒரு காலத்தில் நம் மலையிலிருந்து இறகோடு உரித்த தோல் தோலாகக் கப்பலேறியது. இன்று அதை வேட்டையாடுவது குற்றம், அங்கே வளர்ப்புச் சேவல்களை வைத்துச் சமாளிக்கிறார்கள். ராடின் மூங்கில்கூட அனேகமாகத் தென்சீனத்து டோங்கின் மூங்கிலாக இருக்கும். ஆறு முக்கோணச் சீவல்களாக்கி ஒட்டியவன் கைகாரன்தான், அதை யார் மறுத்தது? இறகைக் கொடுத்த மலைக்கு அடிவாரத்தில் பிறந்துவிட்டு, நமக்கு வயிறு மட்டும்தான் என்று எழுதாதீர்கள்.

வார்னிஷ் கேட்டிருந்தீர்கள். அது அழகுக்காக மட்டும் பூசுவதல்ல. மிகப் பழைய ராடுகளில் விலங்குப் பசை இருக்கும், ஈரம் ஏறினால் சீவல்கள் விட்டுப்போகும். அவசரப்பட்டு நீங்களே சுரண்டவேண்டாம். அங்கே பழைய தூண்டில் கடை ஏதாவது மிச்சமிருந்தால் ராடைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இலவசமாக யோசனை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பாமல், நாலு முள்ளாவது வாங்குங்கள்.