கை நிரம்பினால் ஆசாரியன்: பிரதிஷ்டைப் பலி பற்றிச் சில கேள்விகள்

மோசேயின் அண்ணன் ஆரோனும் அவர் பிள்ளைகளும் ஆசாரியராக்கப்படும் சடங்கு வேதாகமத்தில் யாத்திராகமம் 29-லும் லேவியராகமம் 8-லும் வருகிறது. அதை ஒட்டி வந்த கேள்விகள் இவை.

பிரதிஷ்டை என்றாலே எனக்குக் கோயில் சிலைதான் ஞாபகம் வருகிறது. ஆளை எப்படி ஐயா பிரதிஷ்டை செய்வது?

சொல்லால் வந்த குழப்பம் அது. எபிரேயத்தில் இருப்பது 'மில்லே யாத்'. நேரடிப் பொருள், 'கையை நிரப்பு'. அதிலிருந்து வந்த 'மில்லூயிம்' என்ற பெயரைத்தான் தமிழ் வேதாகமம் பிரதிஷ்டை என்கிறது. அக்காதிய மொழியிலும் ஒருவர் கையை நிரப்புவது என்றால் அவர் பொறுப்பில் ஒன்றை ஒப்படைப்பது. ஏபோத் என்ற ஆசாரிய மேலாடையில் பதிக்கும் கற்களுக்கும் மில்லூயிம் என்றே பெயர் (யாத். 25:7), குழியை நிரப்புகின்றன அல்லவா!

கையில் உண்மையிலேயே எதையாவது வைத்தார்களா?

வைத்தார்கள். கனமாகவே வைத்தார்கள். அன்று ஒரு காளை, இரண்டு ஆட்டுக்கடா. காளை பாவநிவாரண பலி. முதல் கடா சர்வாங்க தகனம், அதாவது முழுவதையும் எரிக்கும் பலி. இரண்டாவதுதான் பிரதிஷ்டைக் கடா. அதன் கொழுத்த வால், குடல்களை மூடிய கொழுப்பு, இரண்டு குண்டிக்காய் (சிறுநீரகம்), வலது தொடை. மேலே கூடையிலிருந்து ஓர் அப்பம், எண்ணெயில் பிசைந்த ஓர் அதிரசம், ஓர் அடை. (அதிரசம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கைவண்ணம், வெல்லப்பாகைத் தேடாதீர்கள்.) இத்தனையையும் உள்ளங்கைகளில் ஏந்தவைத்து, கர்த்தருக்கு முன்பாக அசைவாட்டி, பிறகு மோசே வாங்கிப் பலிபீடத்தில் எரித்துவிட்டார்.

அந்தத் தொடையைக் கவனியுங்கள். சமாதான பலியில் அது ஆசாரியனுடைய பங்கு. இங்கே மட்டும் நெருப்புக்குப் போகிறது. மார்க்கண்டமோ (நெஞ்சுப் பகுதி) மோசேக்குப் போகிறது. காரணம் எளிது: அன்றைக்குப் பலி செலுத்தும் ஆசாரியர் மோசே, ஆரோன் இன்னும் படைக்க வந்தவர்தான். நாளை முதல் தினமும் கையாளப்போவதையும், அதில் தனக்குப் பங்காக வரப்போவதையும் அவர் முதன்முதலாகக் கையில் ஏந்துகிறார். இந்தப் பலிக்கு நான் காணும் பொருள் அதுதான்.

கை நிரப்புவது என்றால் கூலி கொடுப்பது என்றுகூடச் சொல்லலாமா?

பாதி சரி. நியாயாதிபதிகள் 17-ல் மீகா என்றொருவன் தன் மகனின் கையை நிரப்புகிறான். பிறகு ஒரு லேவியன் கிடைத்ததும் அவன் கையையும். லேவியனுக்குப் பேசிய சம்பளம் வருஷத்துக்குப் 10 வெள்ளிக்காசு, மாற்று வஸ்திரம், சாப்பாடு. 2 நாளாகமம் 13:9-ல் யூதாவின் ராஜா அபியா செய்யும் கிண்டல் இன்னும் காரம்: ஒரு காளையும் ஏழு கடாவும் ஓட்டிக்கொண்டு வருகிறவன் எவனும் வடக்கே இஸ்ரவேல் ராஜ்யத்தில் ஆசாரியனாகிவிடலாமாம்.

ஆரோனின் காது, கை, கால் மூன்றிலும் கடாவின் ரத்தம் பூசியது ஏன்? கேட்க, செய்ய, நடக்க என்று எங்கள் போதகர் சொன்னார்.

பிரசங்கத்துக்கு அழகு. ஆனால் மூலத்தில் அந்த விளக்கம் இல்லை. வலது காது மடல், வலது கைப் பெருவிரல், வலது கால் பெருவிரல் என்ற இதே மூன்று இடங்கள் லேவியராகமம் 14-ல் குணமான குஷ்டரோகிக்கும் வருகின்றன. பலிபீடத்துக்கோ கொம்புகளில் ரத்தம். எல்லாமே ஓரங்கள். ஓரத்தைத் தொட்டால் முழுவதையும் தொட்ட கணக்கு என்றே நான் வாசிக்கிறேன். குஷ்டரோகி பாளயத்துக்குள் திரும்புகிறான், ஆசாரியன் பரிசுத்த இடத்துக்குள் நுழைகிறான். இருவருமே ஓர் எல்லையைத் தாண்டுகிறவர்கள்.

சடங்கு நடக்கும் ஏழு நாளும் கூடாரவாசலை விட்டு வெளியே போகக்கூடாதா?

கூடாது, மீறினால் சாவு. மீதி இறைச்சியைக் கூடாரவாசலிலேயே வேகவைத்து, கூடையில் இருக்கும் அப்பத்தோடு அங்கேயே சாப்பிட வேண்டும். மிஞ்சியது நெருப்புக்கு. எட்டாம் நாள்தான் ஆரோன் தன் கையால் பலி செலுத்துகிறார்.

பிற்காலத்திலும் இப்படியேதான் நடந்ததா?

இல்லை. ரபீக்கள் என்ற யூத வேத அறிஞர்களின் மரபுப்படி, எருசலேமில் இரண்டாம் ஆலயம் இருந்த காலத்தில் அபிஷேக எண்ணெய் கிடையாது; எட்டு வஸ்திரங்களை உடுத்துவதாலேயே ஒருவர் பிரதான ஆசாரியர் ஆனார். பணியேற்கும் ஆசாரியன் எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவைப் படைப்பது மட்டும் தொடர்ந்தது. மற்றவர்கள் கொண்டுவரும் மாவில் அவனுக்குப் பங்கு உண்டு. தன்னுடையதில் ஒரு விள்ளல்கூடக் கிடையாது. முழுவதையும் எரித்துவிட வேண்டும்.