வாசகர் கேள்வி பதில்: காருக்கு வாக்ஸ் பூசுவது எப்படி?

கேள்வி: என்னுடையது கறுப்பு நிறக் கார். நல்லதாகப் பார்த்து ஒரு வாக்ஸ் வாங்கி, தாராளமாகவே பூசித் துடைத்தேன். அன்று முகம் பார்க்கலாம் போல இருந்த வண்டி மூன்றே வாரத்தில் மங்கிவிட்டது. வெயிலில் நிறுத்தினால் வட்ட வட்டமாகக் கீறல்களும் தெரிகின்றன. வாக்ஸ் மட்டமானதா, பூசிய முறை தவறா?

பதில்: வாக்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரின் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் ஒளி சிதறாமல் திரும்பும். பளபளப்பு என்பது அதுதான். வாக்ஸ் அதன்மேல் படியும் மெல்லிய காப்பு மட்டுமே. நுண்ணிய கீறல்களைக் கொஞ்ச காலம் நிரப்பி மறைத்து வைக்கும். அது தேய்ந்து போனதும் கீறல்கள் மறுபடி கண்ணில் படும். கறுப்பு வண்டியில் அவை இன்னும் பளிச்சென்று தெரியும்.

அந்த வட்டக் கீறல்கள் பெரும்பாலும் மண் ஒட்டிய துணியால் துடைப்பதால் வருபவை. அவற்றைப் போக்குவது வாக்ஸ் அல்ல, பாலிஷ். பாலிஷ் மேற்பூச்சைச் சிறிது அரைத்தே சமன் செய்கிறது. கிளியர் கோட்டின் கனமோ பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான், ஏறத்தாழ ஒரு தலைமுடி அளவு. ஆகவே கீறல் கண்ணை உறுத்தும்போது மட்டும் பாலிஷ் போடுங்கள். வாக்ஸ் பூசும்போதெல்லாம் வேண்டாம்.

அடுத்து, கழுவும் விதம். பாத்திரம் துலக்கும் சோப்பு எண்ணெய்ப் பசையை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. பூசிய வாக்ஸையும் அது குறைத்துவிடக்கூடும் என்பதால், வண்டிக்குக் கார் ஷாம்பு மட்டுமே வேண்டும். ஒரு வாளியில் ஷாம்பு நீர், இன்னொன்றில் துணியை அலசுவதற்கு வெறும் நீர் என்று பிரித்து வைத்துக்கொண்டால் மண் திரும்ப வண்டிக்கு வராது. கழுவி உலர்ந்ததும், மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, விரல் நுனிகளால் பானட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கையில் வழவழப்பாகத் தோன்றிய இடம்கூடப் பைக்குள்ளிருந்து தொட்டால் மணல்தாள் போல நறநறக்கும். மரப்பிசினும் தாரும் பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகளும் அங்கே ஒட்டியிருக்கின்றன என்று பொருள். அவற்றின்மேல் பூசிய வாக்ஸ் பெயின்ட்டைச் சரியாகப் பற்றாது. கிளே பார் என்ற பிசைகட்டியை, அதற்குரிய வழுக்குநீரைத் தெளித்து, அழுத்தாமல் தேய்த்தால் அவை வந்துவிடும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒட்டிய ஒரு மணல் போதும், நீளமாகக் கோடு போட்டுவிடும்.

இனி, தாராளமாகப் பூசினேன் என்றீர்களே, அதை மாற்றிக்கொள்ளுங்கள். பெயின்ட்டைப் பற்றும் படலம் மட்டுமே நிற்கும். மேலே மிஞ்சுவதெல்லாம் துடைக்கும் துணிக்குத்தான் போகும், அதோடு துடைப்பதும் கடினமாகிவிடும். பூசியது தெரிகிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவே சரியான அளவு. நிழலில், தகடு தொட்டால் சுடாத நேரத்தில், ஒரு கதவு முடித்து அடுத்த கதவு என்று போங்கள். சற்றுப் பொறுத்து ஓரத்தில் விரலால் ஒரு கோடு இழுங்கள். இழுத்த இடம் தெளிவாக இருந்தால் துடைக்கலாம். ஈஷினால் இன்னும் காயட்டும். துடைக்க மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேண்டும், முதலாவது வாக்ஸை எடுக்க, இரண்டாவது மெருகேற்ற. எங்காவது இறுகிப்போனால் பலம் கொடுத்துத் தேய்க்காதீர்கள்; அந்த இடத்தில் அதே வாக்ஸை இன்னொரு முறை இலேசாகத் தடவினால் பழையது இளகிவிடும்.

கேள்வி: கார்னோபா வாக்ஸ், செயற்கை சீலன்ட், செராமிக் பூச்சு இவற்றுள் எதை வாங்குவது?

பதில்: கார்னோபா என்பது வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படியும் மெழுகு. ஏறத்தாழ 82 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும் என்பதால், இயற்கை மெழுகுகளுள் மிகவும் கடினமானவற்றில் ஒன்று. அப்படியே பூச முடியாது என்பதால் எண்ணெய்களும் கரைப்பான்களும் கலந்து பசையாக்கி விற்கிறார்கள். அடர்நிறக் கார்களில் அது தரும் ஆழமான மெருகு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் ஓரிரு மாதங்களில் தேய்ந்துவிடும். பாலிமரால் ஆன சீலன்ட் சில மாதங்கள் தாங்கும். செராமிக் ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடியது. ஆனால் பூசும் முன் கீறலை நீக்காவிட்டால், கீறலையும் சேர்த்தே அத்தனை காலம் காப்பாற்றும். நீங்களே பூசுவதானால் சீலன்ட்டை வாங்குங்கள் என்பதே என் கருத்து. ஸ்ப்ரே வாக்ஸ் இடையிடையே புதுப்பிப்பதற்கு மட்டும் போதும்.

எப்போது மறுபடி பூசுவது என்பதைத் தண்ணீரே சொல்லும். தெளித்த நீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டால் காப்பு இருக்கிறது. கழுவிய பிறகும் தட்டையாகப் படர்ந்து நின்றால் காப்பு போய்விட்டது.

கேள்வி: பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் வாக்ஸ் பட்டு வெள்ளையாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: சொரசொரப்பான பரப்பின் குழிகளில் காய்ந்த வாக்ஸ் தங்கியிருக்கிறது. சோப்பு நீரில் நனைத்த மென்மையான பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். அடுத்த முறை அந்த விளிம்புகளில் காகித டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். பளபளப்பே இல்லாத மேட் பெயின்ட்டில் சாதாரண வாக்ஸ் கூடவே கூடாது, திட்டுத் திட்டாகிவிடும்.

கேள்வி: ஒரு கதவுக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்தோம். உடனே வாக்ஸ் பூசலாமா?

பதில்: பொறுங்கள். தொழிற்சாலையில் பெயின்ட்டைச் சூடேற்றி இறுகவைத்தே வெளியே அனுப்புகிறார்கள். பட்டறையில் அடித்த பெயின்ட்டிலிருந்து கரைப்பான் ஆவியாகி வெளியேற நாளாகும். அதற்குள் மேலே மூடினால் அது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பொதுவாக 30 முதல் 90 நாள் வரை காத்திருக்கச் சொல்வார்கள். உங்கள் கதவுக்கு எத்தனை நாள் என்பதை அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை ஷாம்பு நீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.