எழுத்தில்லாத மொழியில் என்ன ஆய்வு?

அன்புள்ள ஐயா,

மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்யப்போகிறேன். நீலகிரியில் தோடர்கள் பேசும் மொழியை எடுத்துக்கொள்ள ஆசை. வீட்டிலும் சரி, துறையிலும் சரி, எல்லாரும் ஒன்றையே கேட்கிறார்கள். “எழுத்தும் இல்லை, இலக்கியமும் இல்லை, பேசுகிறவர்கள் ஒருசில ஆயிரம் பேர்கூடத் தேறாது. அதில் ஆராய என்ன இருக்கிறது? தமிழின் தொன்மையைப் பற்றி ஏதாவது செய்யேன்” என்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தமிழின் தொன்மையைப் பற்றித்தான் நீங்கள் செய்யப்போகிறீர்கள். வீட்டில் முதலில் இதைச் சொல்லுங்கள்.

வல்லினம் க ச ட த ப ற என்று பள்ளியில் ஒப்பித்திருக்கிறோம். அந்த வரிசையில் ற எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? மரம், மறம் இரண்டையும் நம்மில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். ஆனால் ர இடையினம், ற வல்லினம். காரணம் யாரும் சொல்லித்தரவில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியலில் அது இருக்கிறது. ரகரமும் ழகரமும் பிறக்க நாநுனி அண்ணத்தை ‘வருட’ வேண்டும்; றகரமும் னகரமும் பிறக்க ‘ஒற்ற’ வேண்டும். வருடுவது வேறு, ஒற்றுவது வேறு. அன்றைய ற, நாநுனியை மேற்பல்லுக்குப் பின்னால் ஈறில் அழுத்தி, காற்றை அடைத்து விடுவித்த ஒலி. த-வுக்கும் ட-வுக்கும் நடுவே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நூலில் இருக்கிறது. காதால் கேட்க வேண்டாமா? மலையாளம் பேசும் தோழி இருந்தால் குத்தி, குற்றி, குட்டி என்று அடுத்தடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். கத்தியால் குத்தி, தரையில் அடிக்கிற முளையான குற்றி, குழந்தையைக் குறிக்கும் குட்டி. மூன்றும் மூன்று இடத்தில் பிறக்கும். நடுவில் வருவதுதான் அந்தப் பழைய ற. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் ‘ற்ற’ வரும் இடங்களில் அது இன்னும் கேட்கிறது. தமிழ்நாட்டில் நாம் காற்றைக் ‘காத்து’ ஆக்கிவிட்டோம். நீலகிரிக்குப் போனால், தோடர் மொழியிலும் பக்கத்தில் கோத்தர் மொழியிலும் இந்த மூன்று ஒலிகளும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே நிற்கின்றன. எழுத்தே இல்லாத மொழி, தொல்காப்பிய நூற்பாவுக்கு உரை சொல்கிறது!

1816-இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டியதும், 1856-இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதியதும் உங்களுக்குத் தெரியும். கால்டுவெல் இந்த மொழிகளைத் திருந்தியவை, திருந்தாதவை என்று பிரித்தார். அந்தப் பிரிவு இன்றும் நம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. உங்கள் வீட்டில் கேட்கும் கேள்வியும் அங்கிருந்து வருவதுதான். கால்டுவெல்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு, ஆனால் இந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியாது. தோடர் மொழியில் நாவை அதிரவிட்டுச் சொல்லும் ரகர வகைகள் மட்டுமே மூன்று. பல்லருகே ஒன்று, ஈறில் ஒன்று, நாவை வளைத்து ஒன்று. பீட்டர் லாடஃபோகட் போன்ற உலகறிந்த ஒலியியலாளர்கள் இதைக் கருவிகளால் அளந்து, 1996-இல் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். இவ்வளவு நுட்பமாக நா வேலை செய்யும் மொழியைத் திருந்தாதது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து, இலக்கியம் இல்லை என்பது. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பேச்சு. கனடாவில் பிறந்த மொழியியலாளர் எமனோ 1935-இல் இந்தியா வந்து மூன்றாண்டு தங்கி, தோடர், கோத்தர், குடகு, கோலாமி மொழிகளைப் பேசுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். அப்போது கேட்டு எழுதிய தோடர் பாடல்கள் 1971-இல் பெரும் தொகுப்பாக வந்தன. எருமைகள், மந்துகள், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் பாட்டு. இணை இணையாக வரும் தொடர்களால் கட்டிய பாட்டு. தோடர் மொழி இலக்கணத்தை அவர் 1984-இல்தான் வெளியிட்டார்; அப்போது அவருக்கு வயது 80. அதில் ஆராய என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஒருவர் அரை நூற்றாண்டு அதை விடாமல் வைத்திருந்தார் என்று சொல்லுங்கள்.

மந்து என்றேனே, தோடர் குடியிருப்பை நாம் அப்படித்தான் சொல்கிறோம். எமனோவும் ஆக்ஸ்ஃபோர்டில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த பர்ரோவும் சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இல் வந்தது. அதில் தமிழின் மன்று, மன்றம், மந்தை எல்லாம் இந்தச் சொல்லோடு ஒரே பதிவில் நிற்கின்றன. பழந்தமிழில் மன்று என்றால் ஊர் கூடும் இடம், மாடு நிற்கும் இடமும்கூட. இன்று நமக்கு மன்றம் என்றால் கூட்டம், தீர்மானம். மந்தையைத் தனியாகப் பிரித்துவிட்டோம். தோடர் மந்தில் வீடும் எருமையும் பால்மனையும் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன. மன்றுக்கும் மந்தைக்கும் என்ன உறவு என்பதை அங்கே நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம்.

அப்புறம், வேலையைப் பற்றி ஒன்று. இருநூறு சொல் கொண்ட பட்டியலை எடுத்துப்போய், ஒரு வாரத்தில் நிரப்பிக்கொண்டு திரும்பாதீர்கள். முதல் ஆறு மாதம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். தவறாகப் பேசுங்கள், அவர்கள் திருத்தட்டும். அந்தத் திருத்தங்களைக் குறித்து வையுங்கள். பேச்சைப் பதிவு செய்யுமுன் அனுமதி கேளுங்கள், சொல்லித்தருகிறவரின் பெயரை அவர் விரும்பினால் ஆய்வேட்டின் முன்பக்கத்திலேயே போடுங்கள்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு பல்கலைக்கழகத் துறையில் பழைய ஒலிநாடாப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தேன். மலைக்கிராமங்களில் பதிவு செய்தவை. நாடாக்களில் பூஞ்சை பூத்திருந்தது, மேலே எழுதிய மை அழிந்திருந்தது. பேசியவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியவில்லை. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் கேட்கிறேன், பதிவின் முதல் பிரதியை மந்தில் கொடுங்கள், இரண்டாவதைத் துறையில் கொடுங்கள். முனைவர் பட்டப் பதிவு எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.