விமானத்தில் வயர் கருகும் வாடை வந்தால்

கேள்வி: இரவு விமானத்தில் என் முன்னிருந்த வீடியோ திரை திடீரென அணைந்து, வயர் கருகும் வாடை வந்தது. தயங்கித் தயங்கித்தான் பணிப்பெண்ணை அழைத்தேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு விமானியிடம் போனில் பேசினார். சற்று நேரத்தில் எல்லாத் திரைகளும் அணைந்தன. எங்களுக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. விமானம் வழக்கம்போல் போய்ச் சேர்ந்தது. அப்படித் தொடர்ந்து பறந்தது சரியா?

பதில்: சரியாகவே இருந்திருக்கும். தயங்கியது மட்டும் வேண்டாத வேலை.

விமானத்தில் வரும் வாடைகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. உணவு சூடாக்கும் அடுப்பில் சிந்திய உணவு தீயும். ஓடுபாதையில் முன்னால் நிற்கும் விமானத்தின் புகை உள்ளே வரும். புழுக்கமான ஊர்களில் ஏசி துவாரத்திலிருந்து வெண்மையாகக் கிளம்புவது வெறும் நீராவிப் பனி. ஈரக் காலுறை நாற்றம் வேறு ரகம். பல விமானங்களில் கேபின் காற்று எஞ்சினிலிருந்தே எடுக்கப்படுவதால், எண்ணெய் கசிந்தால் அப்படி நாறும். விமானிகள் இதை அலட்சியப்படுத்துவதில்லை. ஆக்சிஜன் முகமூடியை முதலில் தாங்கள் மாட்டிக்கொண்டு, அதன் பிறகே காரணம் தேடுவார்கள்.

வயர் கருகும் மின்வாடை என்றால் கணக்கே வேறு. 1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனிவா சென்ற ஸ்விஸ்ஏர் 111 விமானத்தின் காக்பிட்டில் (விமானி அறையில்) ஏதோ வாடை வந்தது. ஏசியிலிருந்து வருகிறது என்றே விமானிகள் முதலில் நினைத்தார்கள். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நோக்கித் திருப்பினார்கள், எரிபொருளைக் கொட்டத் தயாரானார்கள், சரிபார்ப்புப் பட்டியலை வரிசையாகப் பின்பற்றினார்கள். வாடை தெரிந்த சுமார் 21 நிமிடங்களில் விமானம் கடலில் விழுந்தது. 229 பேரும் இறந்தார்கள். கூரைக்கு மேலே, வெப்பமும் சத்தமும் தடுக்கப் போர்த்திய, எளிதில் தீப்பற்றும் காப்புப் போர்வையில் நெருப்பு பரவியிருந்தது. மின்பொறி பறந்த வயர்களில் ஒன்று, பயணிகளின் திரைகளுக்கு மின்சாரம் கொண்டுபோனது. முதல் பொறி அதில்தான் பறந்ததா என்பது உறுதியாகவில்லை. உடனே இறங்க முயன்றிருந்தாலும் நேரம் போதாது என்றே கனடாவின் விசாரணை கூறியது. விமானிகளைக் குறை சொல்வோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அதன்பின் பட்டியல்கள் மாறின. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு இறங்கலாம் என்ற எண்ணம் போய், இறங்குவதற்கான ஏற்பாட்டை முதலிலேயே தொடங்கு என்றாயிற்று. சந்தேகப்படும் கருவியின் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். நீங்கள் பார்த்தது அதைத்தான். வாடை நின்று, மீண்டும் வராவிட்டால் பயணத்தைத் தொடரலாம். பழுதைத் தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுதிவைப்பார்கள், தரையில் பொறியாளர் பார்ப்பார். புகை கண்டாலோ, மூலம் பிடிபடாமல் வாடை நீடித்தாலோ அருகிலுள்ள விமான நிலையம்தான். விளக்கம் வராததில் எனக்கும் குறை உண்டு. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் கேபினுக்கும் காக்பிட்டுக்கும் இடையே போகும் பேச்சுதான் முக்கியம்.

அடுத்த முறை அழைப்பு மணியை உடனே அழுத்துங்கள். எந்த இருக்கை, எப்போதிலிருந்து, பிளாஸ்டிக் வாடையா, எண்ணெய் வாடையா, புகை உண்டா என்று சொல்லுங்கள். பயணிகளுக்கு மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி புகைக்கு உதவாது. அதில் கேபின் காற்றும் கலந்துதான் வரும். ஈரத்துணியால் மூக்கை மூடிக் குனிந்துகொள்ளுங்கள். கைப்பேசி இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்காதீர்கள். நசுங்கிய பேட்டரி தீப்பிடிக்கும். எடுத்துத் தரச் சொல்லிப் பணியாளரையே அழையுங்கள்.