ஆடு உரிக்க ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஆடு வளர்க்கிறேன். கிடா வெட்டு, காதுகுத்து விசேஷங்களுக்கு உரித்துக் கூறு போட்டும் கொடுப்பேன். மடக்காத நேர்க்கத்தி ஒன்று வேண்டும். ஆன்லைனில் 'ஹன்டிங் நைஃப்' என்று பன்னிரண்டு அங்குலத்தில், முதுகில் ரம்பப் பல் வைத்த கத்தி 899 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா? என்னால் ஆயிரம் ரூபாய் வரை போட முடியும்.

பதில்: அந்தக் கத்தியை வாங்காதீர்கள். ஆடு உரிக்க அலகு நாலு அங்குலம் போதும். நாலரைக்கு மேல் போனால் வயிற்றைத் திறக்கும்போது முனை எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரியாது, குடல் கிழியும். முதுகு ரம்பப் பல்லில் மரமும் அறுபடாது, எலும்பும் அறுபடாது. நாலு இழுப்பில் பல்லிடுக்கு அடைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்த முடியாமல் போவது. உரிக்கும் வேலையில் பாதி அந்த விரலில்தான் இருக்கிறது.

அந்த மாதிரிக் கத்திகள் உடைவது பெரும்பாலும் பிடிக்குள்தான். அலகின் வால் ஒரு அங்குலம் உள்ளே போய், அங்கே ஒரு போல்ட்டோ வெல்டிங்கோ இருக்கும். தொடைமூட்டில் முனையைக் கொடுத்து நெம்பினால் அந்த இடத்தில் முறியும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பிடியின் மேலும் கீழும் ஓரமாக இரும்புப் பட்டை கடைசி வரை ஓடி, இருபுறமும் பிடி வைத்து ரிவிட் அடித்திருந்தால் நம்பலாம். பிடிக்குள் மறைந்த வால் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டோம். ஸ்வீடனின் மோரா கம்பானியன் கத்தியில் வால் பிடியின் கடைசி வரை போவதில்லை. ஆனாலும் உலகம் முழுக்க அதை நம்பி வேலை செய்கிறார்கள். அதன் அலகு 10.4 செ.மீ. நீளம், 2.5 மி.மீ. தடிப்பு. வாங்காவிட்டாலும் அந்த அளவை மனதில் வையுங்கள், உங்கள் வேலைக்கு வேண்டியது அதுதான். மூன்று மி.மீ. வரை போகலாம். ஐந்து மி.மீ. தடித்த அலகு தோலுக்கும் சதைக்கும் நடுவே வழுக்கிப் போகாது, ஆப்பு போலப் பிளந்துகொண்டுதான் போகும்.

இரும்பைப் பற்றி விளம்பரத்தில் எழுதியிருப்பதில் பாதிக்கு அர்த்தம் கிடையாது. 'சர்ஜிக்கல் ஸ்டீல்', 'ஜப்பான் ஸ்டீல்' என்றெல்லாம் போட்டிருந்தால் எந்த இரும்பு என்று அவர்கள் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 3சிஆர்13, 420ஜே2 என்று இரும்பு ரகம் போட்டிருந்தால் கார்பன் 0.3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். துரு பிடிக்காது, கூரும் நிற்காது, ஒரு ஆட்டுக்குள் இரண்டு முறை தீட்ட வேண்டிவரும். 8சிஆர்13எம்ஓவி, 12சி27, 440சி என்று தெளிவாக எழுதியிருந்தால் யோசிக்கலாம். வெறும் '440' என்பதில் கவனம் வேண்டும். ஏ, பி, சி மூன்றுக்கும் கார்பன் அளவு வேறு. எழுத்தை விட்டுவிட்டால் பெரும்பாலும் அது மட்டமான ஏ-தான். 'டமாஸ்கஸ்' என்று அலையலையாகக் கோடு போட்டு இந்த விலைக்கு வருபவற்றில் பெரும்பாலும் கோடு மேலே அரித்தோ அச்சடித்தோ வந்ததுதான்.

உங்கள் பணத்துக்கு நாங்கள் சொல்லும் முதல் வழி உள்ளூர்க் கொல்லுப்பட்டறை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அரசு அறிவித்தது. இரும்பை அவ்வளவு காலமாக அறிந்த பகுதியில் இருந்துகொண்டு தகரக் கத்திக்குப் பார்சல் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆசாரியிடம் "ஒரு கத்தி அடிச்சுக் குடுங்க" என்று மட்டும் சொன்னால் தேங்காய் வெட்டும் கனத்தில்தான் வரும். அட்டையில் அளவுக்கு வரைந்து வெட்டி எடுத்துப் போங்கள்: அலகு நாலு அங்குலம், அகலம் ஒரு அங்குலம், முதுகு பிடியருகே மூன்று மி.மீ., முனையை நோக்கி மெலிந்து வர வேண்டும். முனைக்குச் சற்று முன்பிருந்தே வாய், அதாவது வெட்டும் ஓரம், வளைந்து ஏறட்டும். அந்த வயிற்று வளைவுதான் தோலை விலக்கும். பிடி நாலரை அங்குலம். வால் முழு நீளம், மூன்று ரிவிட்.

இரும்பாக வண்டியின் ஸ்பிரிங் பட்டையைக் கேளுங்கள். அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம்; பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் நன்றாக இறுகும். லோடு அடித்துத் தேய்ந்த லாரிப் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம், தோய்க்கும்போது அது வாய் திறக்கும். அதனால் சின்ன வண்டியின் மெல்லிய பட்டையாக, நட்டு போடும் ஓட்டையை விட்டுத் தள்ளி எடுத்த துண்டாக இருக்கட்டும். கட்டுமானக் கம்பி வேண்டவே வேண்டாம். எத்தனை முறை தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய இறுக்கம் அதற்கு வராது.

தோய்ச்சல்தான் கத்தியின் உயிர். அதற்கு முன் வாயைக் கூராக்கக் கூடாது, ஒரு மி.மீ. தடிப்பு விட வேண்டும். இல்லையென்றால் நெளியும், வெடிக்கும். காந்தம் ஒட்டாத சூடு வந்து, அதற்கு மேல் ஒரு சாயல் சிவப்பு ஏறியதும் கைபொறுக்கும் சூட்டில் உள்ள எண்ணெயில் முனையைக் கீழாக வைத்து நேரே இறக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் முக்கினால் இந்த இரும்பு பல நேரம் விரிசல் விட்டுவிடும். எண்ணெயில் இருந்து எடுத்த கத்தி கண்ணாடி போல இருக்கும், கீழே விழுந்தால் உடையும். அதனால் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் பளபளவென்று தேய்த்துவிட்டு, முதுகுப் பக்கமாக மெல்லச் சூடு காட்டச் சொல்லுங்கள். நிறம் முதுகில் தொடங்கி வாயை நோக்கி நகரும். வாய்க்கு வைக்கோல் நிறம் வந்த கணமே தண்ணீரில் போட வேண்டும். அப்போது முதுகு நீலமாக இருக்கும். நல்லதுதான், முதுகு வளைந்து கொடுக்கும், வாய் இறுகி நிற்கும். வாயும் நீலமாகிவிட்டால் மறுபடி முதலில் இருந்து தோய்க்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

கத்தி கைக்கு வந்ததும், கடையில் வாங்கியதானாலும் பட்டறையில் அடித்ததானாலும், ஒரு சோதனை செய்யுங்கள். தீட்டிய வாயை ஒரு பித்தளைக் கம்பி மேல் லேசாகச் சாய்த்து அழுத்தி, வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்திய இடத்தில் வாய் துளி வளையும். கையை எடுத்ததும் நேரானால் சரியான பதம். வளைந்தபடியே நின்றால் இளகிய கத்தி. பொடிப்பொடியாக உதிர்ந்தால் அதிகம் இறுகிவிட்டது. மறுபடி சூடு காட்ட வேண்டும்.

ஆயிரத்தில் கால் பங்கைத் தீட்டும் கல்லுக்கு ஒதுக்குங்கள். ஒரு பக்கம் கரடு, ஒரு பக்கம் நைசு உள்ள கார்பொரண்டம் கல் போதும். அலகு ஒரு அங்குல அகலம் என்றால் முதுகைக் கல்லில் இருந்து ஒன்பது மி.மீ. உயர்த்திப் பிடியுங்கள், ஏறக்குறைய இருபது டிகிரி வரும். மறுபக்கம் பிசிறு விரலில் தட்டும் வரை ஒரே பக்கம் தீட்டிவிட்டு, அப்புறம்தான் திருப்ப வேண்டும். பிசிறு வருவதற்குள் திருப்பித் திருப்பித் தீட்டுவதால்தான் பலருக்குக் கூர் வருவதில்லை. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில், கூர் பின்னால் வர, பத்து இழுப்பு இழுங்கள். மோட்டார் சாணையில் கொடுப்பதானால் நொடிக்கொரு தரம் தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். வாயில் நீலம் படர்ந்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது.

உரிக்கும்போது முதல் கீறல் போட்டதும் கத்தியின் கூர் மேலே பார்க்கத் திருப்பி, தோலுக்கு உள்ளிருந்து வெளியே அறுங்கள். ஆட்டு மயிரில் மண் இருக்கும். வெளியிலிருந்து அறுத்தால் கூர் முதல் ஆட்டிலேயே போகும். கீறிய பிறகு தோலைப் பிரிக்க முஷ்டி போதும். எலும்பு வெட்டுவது இந்தக் கத்தியின் வேலையே இல்லை, அதற்குப் புளியங்கட்டையும் வெட்டுக்கத்தியும் இருக்கின்றன.

வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, பிடி சேரும் இடம்வரை தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஸ்பிரிங் பட்டைக் கத்தியில் ரத்தமும் உப்பும் ஒரு ராத்திரி இருந்தால் போதும், குழி விழும். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைத்தாலும் ஈரம் பிடித்துத் துரு ஏறும். ரெக்சின் உறையை முனை குத்தி வெளியே வந்துவிடும். வண்டியில் போகும்போது விழுந்தால் தொடையில் இறங்கும். தோட்டத்தில் மிச்சமான 25 மி.மீ. பிவிசி பைப்பே நல்ல உறை. அரையடித் துண்டைத் தீயில் நேரே காட்டாமல் அனலில் சுற்றிச் சுற்றிக் காட்டினால் இளகும்; கருகினால் வரும் புகை நஞ்சு, அதனால் வெளியே வைத்துச் செய்யுங்கள். இளகியதும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து நசுக்கி, இரண்டு சுற்றுக் காகிதம் சுற்றிய கத்தியை உள்ளே விட்டு மறுபடி அழுத்திப் பிடியுங்கள். ஆறியதும் அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் தண்ணீர் வடியும்.

பெயரில் 'வேட்டை' இருப்பதால் சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. சரணாலயத்துக்குள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதையும் தடுக்கிறது. 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று நம் பக்கத்துக் காடுகள் சரணாலயமாகிவிட்டன. ஆடு மேய்க்கக் காட்டோரம் போகும் நாளில் இந்தக் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.