டீபக்கரிடம் லாட் கணக்கு கேட்பது எப்படி?

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, சேலம்): வணக்கம் சார். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு லாட் கணக்கு பார்க்கும் மென்பொருளை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிப் பராமரிக்கிறேன். ஒரு லாட்டுக்குள் (தொகுதிக்குள்) கொடுத்த வெள்ளி, திரும்பி வந்த எடை, சேதாரம், அதிலிருந்து பிரிந்த சின்ன லாட்களின் சங்கிலி எல்லாம் இருக்கும். எடை எல்லாம் மில்லிகிராமில், முழு எண்ணாக. ஜிடிபி என்ற டீபக்கரில் (நிரலை நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை தேடும் கருவி) பிரிண்ட் கொடுத்தால் திரை முழுக்க அடைப்புக்குறியும் மெமரி முகவரியும்தான். சொந்தக் கட்டளை சேர்க்கலாம் என்கிறார்களே, எப்படி?

பதில்: சேர்க்கலாம், ஒரு மாலை நேரம் போதும். 2009-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து ஜிடிபிக்குள் பைத்தான் இருக்கிறது. அதற்கு முன்பே டிஃபைன் என்று ஒரு வழி உண்டு, நாலு கட்டளையை ஒரே பெயரில் கட்டிவைக்க இன்றைக்கும் அது போதும். ஆனால் சங்கிலியைப் பின்தொடர்ந்து கணக்குப் போட பைத்தான்தான் வசதி.

முதலில் ஒன்றைப் பாருங்கள். மேப், வெக்டர் போன்ற சி பிளஸ் பிளஸ்ஸின் சொந்தத் தொகுப்புகளே அடிக்கோடும் முகவரியுமாக வந்தால், கம்பைலரோடு வரும் பிரெட்டி பிரிண்டர்கள் (மதிப்பைப் படிக்கும்படி காட்டுபவை) உங்கள் கணினியில் ஏறவில்லை என்று அர்த்தம். இன்ஃபோ பிரெட்டி-பிரிண்டர் என்று கேட்டால் எவை ஏறியிருக்கின்றன என்று பட்டியல் வரும். அதைச் சரிசெய்தாலே பாதி குப்பை போய்விடும்.

பிரெட்டி பிரிண்டர் ஒரு ஆப்ஜெக்ட் எப்படித் தெரிய வேண்டும் என்பதை மாற்றுகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது அதற்கும் மேலே: இந்த லாட்டில் கொடுத்ததும் வந்ததும் நேராகிறதா, இல்லையென்றால் எந்தச் சின்ன லாட்டில் இடிக்கிறது? அதைக் கேட்கத்தான் கட்டளை.

ஜிடிபி தரும் கமாண்ட் என்ற கிளாஸிலிருந்து உங்கள் கிளாஸை உருவாக்கி, லாட்பார் என்றோ வேறு என்னவோ பெயர் வையுங்கள். அதில் இன்வோக் என்ற ஃபங்ஷன் இருக்க வேண்டும், நீங்கள் டைப் செய்வது அதற்கு வெறும் எழுத்துச்சரமாக வரும். ஜிடிபியின் பார்ஸ் அண்ட் ஈவல் என்ற ஃபங்ஷன் அதை உண்மையான மதிப்பாக மாற்றித் தரும், அப்புறம் சதுர அடைப்புக்குள் ஃபீல்டின் பெயரைப் போட்டு உள்ளே இறங்கலாம். கடைசியில் அந்தக் கிளாஸை ஒரு முறை அழைத்து ஆப்ஜெக்ட் உருவாக்க மறக்காதீர்கள். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான், எழுதிய நிரல் எல்லாம் சரியாக இருக்கும், ஜிடிபியோ அப்படி ஒரு கட்டளையே இல்லை என்னும்.

சங்கிலியில் நடக்கும்போது கவனம் வேண்டும், ஏனென்றால் டீபக்கரைத் திறக்கும் நேரமே ஏதோ கெட்டுப்போன நேரம், கடைசி பாயிண்டர் (அடுத்த லாட்டின் முகவரி) பூஜ்யமாக இருக்கும் என்று நம்ப முடியாது, அது முதல் லாட்டுக்கே திரும்பிச் சுற்றிக்கொண்டும் இருக்கலாம். பார்த்த முகவரிகளை ஒரு செட்டில் போட்டுக்கொண்டே போங்கள், பழையது மறுபடி வந்தால் நிறுத்திவிட்டு அதைச் சொல்லுங்கள். படிக்க முடியாத முகவரிக்கு மெமரி எர்ரர் வரும், அதைப் பிடித்து, அதுவரை கிடைத்ததை அச்சிடுங்கள். ஒரு லாட்டுக்கு ஒரு வரி, எடை கிராமில், கணக்கு இடிக்கும் வரிக்கு முன்னால் ஒரு நட்சத்திரம். பட்டறைப் பேரேட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும்.

கேள்வி (ஏற்காடு): காபித் தோட்டங்களுக்கான கொள்முதல் நிரல் எங்களுடையது. நான் எழுதிய கட்டளை, ஆப்ஜெக்டின் சொந்த ஃபங்ஷனையே அழைத்து மூட்டை எண்ணிக்கையைக் காட்டும். ஓடும் நிரலில் நன்றாக வருகிறது. மலை மேலிருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து வந்த கோர் ஃபைலில் மட்டும் வரவில்லை.

பதில்: கோர் ஃபைல் என்பது நின்றுபோன நிரலின் மெமரி நகல். அதில் ஓடுவதற்கு ஒரு பிராசஸ் இல்லை, அதனால் எந்த ஃபங்ஷனையும் அழைக்க முடியாது. ஓடும் நிரலிலும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பேன். அந்த அழைப்பு நடக்கும்போது மற்ற த்ரெட்களும் (நிரலுக்குள் கூடவே நடக்கும் மற்ற வேலைகளும்) சேர்ந்து ஓடும், அதுதான் ஜிடிபியின் இயல்பான அமைப்பு. நீங்கள் பார்க்க வந்த நிலையே கையை விட்டுப் போய்விடும். உள்ளே ஒரு லாக் (வேறு த்ரெட் விடும்வரை காத்திருக்க வைக்கும் பூட்டு) இருந்தால் அப்படியே தொங்கியும் நிற்கும். ஃபங்ஷன் எந்த ஃபீல்டுகளைக் கூட்டுகிறதோ அவற்றை நீங்களே பைத்தானில் படித்துக் கூட்டுங்கள். பத்து வரி கூடுதலாகும், ஆனால் கோர் ஃபைலிலும் அப்படியே வேலை செய்யும், கிராஷ் ஆன இடம் எட்டாத தூரத்தில் இருக்கும்போது உங்களிடம் இருப்பது அது ஒன்றுதானே.

கேள்வி (அஸ்தம்பட்டி): எங்கள் குழுவில் எல்லோருக்கும் இந்தக் கட்டளைகள் தானாக வர என்ன செய்வது? மேக் வைத்திருப்பவர்களுக்கும் வருமா?

பதில்: நிரலின் பெயரோடு ஹைஃபன் ஜிடிபி டாட் பை சேர்த்த பெயரில் பைத்தான் ஃபைலை நிரலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், நிரலைத் திறக்கும்போதே ஜிடிபி அதை ஏற்றும். மேக்கில் இருப்பது எல்எல்டிபி என்ற வேறு டீபக்கர், அதற்கும் பைத்தான் உண்டு, ஆனால் அழைக்கும் முறை வேறு, தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஜிடிபி முதல் முறை ஏற்ற மறுத்து, சேஃப் பாத்தில் (நம்பி ஏற்றலாம் என்று குறித்த இடங்களின் பட்டியலில்) இல்லை என்று எச்சரிக்கும். எரிச்சலில் முழு டிஸ்க்கையும் அனுமதித்துவிடாதீர்கள், அந்த ஃபைல் உங்கள் யூசர் கணக்கின் முழு உரிமையோடு ஓடும். உங்கள் புராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் சேருங்கள்.